குளிரில் சாதுவாக இருந்த மீன்

மீன் கடைக்குப் போனால் முதலில் தண்ணீரில் விரலை விட்டுப் பாருங்கள், பிள்ளைகளே. மீனைப் பார்ப்பதெல்லாம் அப்புறம். இந்த ஒரு விஷயத்தைப் போன மார்கழிக்கு முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் என் மகளின் தொட்டியில் அத்தனை அநியாயம் நடந்திருக்காது. என் ஆள்காட்டி விரலும் தப்பித்திருக்கும்.

எங்கள் ஊடு குன்னூருக்குப் பக்கத்தில் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருக்கிறது. நான் அங்கே டீ ஃபேக்டரியில் இலை வாட்டும் பகுதியில் வேலை செய்கிறேன். ஃபேக்டரி ஆபீசர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது மூன்றடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டியை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. அவள் அதில் நாலு பிளாட்டி வாங்கி விட்டாள். பிளாட்டி என்பது விரல் நீளத்துக்குச் சிவப்பாக இருக்கும் ஒரு மீன். முட்டையிடாது, நேராகக் குட்டிதான் போடும். ஒரு வருஷத்தில் நாலு பதினாலாக ஆனது. பத்தும் இந்தத் தொட்டியிலேயே பிறந்தவை. எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அவளோ, "அது ரெண்டாவதா பொறந்ததுங்ப்பா, வாலைப் பாருங்க" என்பாள்.

நம்மூர்க் குளிர் உங்களுக்குத் தெரியும். அதனால் தொட்டிக்குள் ஒரு சின்ன ஹீட்டர் எப்போதும் இருக்கும். தண்ணீரை இருபத்தைந்து டிகிரியில் வைத்திருக்கும். ஊட்டில் நாங்கள் மூன்று பேரும் ஸ்வெட்டரோடு நடுங்குவோம், மீன்கள் மட்டும் மேட்டுப்பாளையத்து வெயிலில் இருப்பது போல நீந்தும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகளுக்குச் சிக்லிட் ஆசை வந்தது. கோயம்புத்தூரில் ஒரு சொந்தக்காரர் ஊட்டில் பார்த்துவிட்டு வந்தாளாம். சிக்லிட் என்பது ஒரே ஒரு மீன் இல்லை, பெரிய குடும்பம். நூற்றுக்கணக்கில் வகை உண்டு. மற்ற மீன்களைப் போல இல்லாமல் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நம் முகத்தைப் பார்க்கும், குட்டிகளைக் கூட்டிக்கொண்டு திரியும், அழகாக இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் ரவுடிகள். தொட்டியில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு இது என் இடம் என்று அடிதடியில் இறங்கிவிடும்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதுமுங்ப்பா. ஆனா யாரையும் அடிக்காததா இருக்கோணும். எம் பிளாட்டி மேல ஒரு கீறல் விழுந்தாலும் வேண்டாம்" என்றாள்.

"நானே பாத்துக் கொண்டாறேன் அம்முணி. அடிக்கிற மீனைக் கொண்டாந்தா எம் பேரை மாத்திக் கூப்பிடு" என்று வாக்குக் கொடுத்தேன்.

கொடுத்த பிறகுதான் தெரிந்தது, அது எவ்வளவு பெரிய தலைவலி என்று. செல்போனில் ஒருவர், ஏஞ்சல் மீன் பரம சாது, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்கிறார். அடுத்த வீடியோவில் இன்னொருவர், ஏஞ்சல் வாங்கி என் சின்ன மீனெல்லாம் போச்சு என்று அழுகிறார். ஃபேக்டரியில் கேட்டால் ஆளுக்கொரு பேச்சு. லாரி டிரைவர் நீலத்தை வாங்கச் சொன்னார், எடை போடுகிறவர் நீலத்தை மட்டும் வாங்காதே என்றார். யாரைக் கேட்டாலும் "சாதுதான், ஆனா" என்றுதான் ஆரம்பித்தார்கள். அந்த ஆனாவுக்குப் பிறகு வருவதைக் கேட்டால் மீனே வேண்டாம் என்று ஆகிவிடும். நான் பத்தாவதோடு நின்றவன். பதினெட்டு வருஷமாக இலையைக் கையில் அள்ளிப் பிடித்துப் பார்த்தே இது பதம், இது பதமில்லை என்று சொல்கிறவன். மீனையும் என் கண்ணால் பார்த்தே முடிவு பண்ணுகிறேன் என்று கிளம்பினேன்.

அன்றைக்குக் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. இலை வரத்துக் கம்மி என்பதால் லீவு கிடைத்தது. குன்னூரில் அந்தக் கடைக்காரர் குரங்குக் குல்லா போட்டு, இரண்டு கையாலும் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசித் தொட்டியில் சிக்லிட் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டிருந்தார். மஞ்சள், நீலம், உடம்பில் கறுப்புக் கோடு போட்டது, ஓரத்தில் பேர் தெரியாத ஒரு பழுப்பு.

"சாதுவா ஒண்ணு வேணுமுங்க" என்றேன்.

"எல்லாமே சாதுதானுங்ண்ணா. வந்து நாலு நாளாச்சு. ஒரு சண்டை இருக்கோணுமே! நீங்களே நின்னு பாருங்க."

நின்று பார்த்தேன். ஒரு மணி நேரம் பார்த்தேன், பிள்ளைகளே. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் என்னைத் தவிர வேறு யாரும் ஒரு மீனுக்காக ஒரு மணி நேரம் நின்றிருக்க மாட்டார்கள். எல்லா மீனும் அடக்க ஒடுக்கமாக இருந்தது. அதிலும் கோடு போட்டது இருக்கிறதே, அதுதான் தங்கமான பிள்ளை. மஞ்சள் மீன் வந்து இடித்தது, இது ஒதுங்கி வழி விட்டது. நீலம் அதன் தலைக்கு மேலேயே போனது, இது ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர் போட்ட தீவனத்தைக்கூடப் பறக்காமல் கடைசியாகப் போய்த் தின்றது. எனக்குக் கண் கலங்காத குறை. பேர் என்ன என்று கேட்டேன். ஜீப்ரா என்றார்.

பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் குளிருமே என்று ஜெர்க்கினுக்குள் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டேன். பஸ் நாலு வளைவு தாண்டியிருக்கும், வயிற்றில் டப்பென்று ஒரு முட்டு. அப்புறம் இன்னொன்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் ஜெர்க்கினையே பார்த்தார்.

"ஏனுங்க, உள்ள என்னமோ துள்ளுதாட்ட இருக்குதே?"

"மீனுங்க. ரொம்ப சாது."

"சாதுவா? எங்க ஊட்டுக் கன்னுக்குட்டி இப்படித்தான் முட்டும்" என்று அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

என் மகளைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் துள்ளுகிறது என்று நான் நினைத்தேன். வேறு என்ன சொல்ல!

பையை அரைமணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டுத்தான் மீனை உள்ளே விட்டோம். அது நேராகப் போய் நடுவில் இருந்த வேருக்குப் பக்கத்தில் நின்றது. பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடியின் வேர் அது. நான்தான் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, தேய்த்துக் கழுவி உள்ளே வைத்தது. பிளாட்டிகள் வந்து புது ஆளைச் சுற்றிப் பார்த்தன. மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஒரு ராத்திரிதான் ஆயுசு.

காலையில் போய்ப் பார்த்தால் தொட்டி குழம்பிக் கிடக்கிறது. கூழாங்கல்லையெல்லாம் வாரிக் குவித்து வேருக்கடியில் ஒரு குழி. செடிகள் பிடுங்கி மேலே மிதக்கின்றன. பதினாலு பிளாட்டியும் மேல் மூலையில், ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், காலை நேரத்து டவுன் பஸ்ஸில் ஏறியது போல நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒன்று கொஞ்சம் கீழே இறங்கியது. கோடு போட்ட நம் வரிக்காரன் குழிக்குள்ளிருந்து அம்பு மாதிரிப் பாய்ந்தான். அது அலறி அடித்துக்கொண்டு மேலே போனது.

"புது இடமல்லவா சாமி, ரெண்டு நாள்ல பழகிரும்" என்றேன்.

பழகியது. தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று பழகிவிட்டது. நானும் என்னென்னவோ செய்தேன். வேரை இடம் மாற்றினேன், இரண்டு நிமிஷத்தில் புது இடத்தில் குழி தோண்டியது. வயிறு நிறைந்தால் சும்மா இருக்கும் என்று தீவனம் அதிகம் போட்டேன், தெம்பாக அடித்தது. தொட்டியைத் தொட்டுத் திட்டினேன், கண்ணாடிக்கு வந்து என் முகத்தை நேராகப் பார்த்தது. முகத்தைப் பார்க்கிற மீன்தானே மகள் கேட்டாள்!

அஞ்சாம் நாள் ஒரு பிளாட்டி செத்து மிதந்தது. எல்லாவற்றிலும் சின்னது. வால் முழுக்கக் கிழிந்திருந்தது. மகள் அதை வாசல் ஜெரேனியம் பூந்தொட்டியில் புதைத்துவிட்டு வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"ஒரு மணி நேரம் நின்னு பாத்தீங்கன்னு சொன்னீங்கல்லப்பா?" என்றாள். அவ்வளவுதான்.

"பாத்தேன் கண்ணு. நெசமாப் பாத்தேன்."

"அப்ப எப்படீங்?"

என் வீட்டுக்காரிதான் அடுப்படியிலிருந்து, "உங்கப்பா எதைப் பாத்தாலும் அப்படித்தான். என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவும் ரொம்ப சாதுன்னு நெனச்சுட்டுப் போனாராமா" என்றாள். தாயும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்தது. விடிகாலையில் போன கரண்ட் பொழுது சாயும் வரை வரவில்லை. நான் வேலை முடிந்து வரும்போது மகள் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சத்தம் போடாம வாங்க. வந்து பாருங்க."

பிளாட்டிகள் கீழே இறங்கித் திரிந்தன. ஒன்று வரிக்காரனின் குழிக்கு மேலேயே போனது. அவன் அசையவில்லை. கடையில் பார்த்த அதே தங்கமான பிள்ளை.

"பாத்தியா, திருந்திட்டான்!" என்றேன்.

"திருந்தலீங்ப்பா. தெர்மாமீட்டரைப் பாருங்க."

கண்ணாடியில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் பதினெட்டு காட்டியது.

"ஹீட்டர் இல்லாம வெறச்சுப் போய்க் கெடக்குது. சண்டை போடத் தெம்பில்ல. கடையில ஹீட்டர் இருந்துச்சுங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கடைக்காரர் குல்லா ஞாபகம் வந்தது. டீ கிளாஸைப் பிடித்திருந்த இரண்டு கையும் ஞாபகம் வந்தது. தொட்டிக்குள் ஹீட்டர் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. நான் ஒரு மணி நேரம் நின்று பார்த்தது மீனின் குணத்தை இல்லை, குளிரை.

பிள்ளைகளே, எனக்கு என் மேலேயே வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வேன்! இலைக்கு அடியில் சூடான காற்று விட்டால் எத்தனை மணி நேரத்தில் வாடும், பனிக்காலத்தில் எவ்வளவு தாமதமாகும் என்று தினம் பார்க்கிறவன் நான். சூட்டைப் பொறுத்து இலை மாறும் என்று புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே என் வேலை. மீனும் அப்படித்தான் என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லையே.

"அப்ப ஹீட்டரை நிறுத்தி வெச்சுரலாமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எல்லாரும் நடுங்கிட்டுக் கெடந்தாத்தான் சமாதானமுங்களா? பிளாட்டி ஒண்ணும் தீவனமே எடுக்கல, பாருங்க" என்றாள். பார்த்தேன். காலையில் போட்ட தீவனம் அப்படியே அடியில் கிடந்தது.

கரண்ட் வந்ததும் வரிக்காரனைப் பிடித்து, அரிசி போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் விட்டோம். அரிசியை எங்கே கொட்டுவது என்று என் வீட்டுக்காரி கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. வலையில் சிக்காததால் கையால் ஒதுக்கினேன். அப்போதுதான் விரலில் கடித்தது. சின்ன வாய்தான், ஆனாலும் தோல் உரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் தன் பள்ளிக்கூடப் பையில் பரணில் மிச்சமாகக் கிடந்த எங்கள் பழைய ஹீட்டரையும் ஒரு தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டாள். வரிக்காரனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் ஜெர்க்கினுக்குள் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் முட்டினான். இந்த முறை எனக்குக் காரணம் தெரியும்.

கடைக்காரர் பையைப் பார்த்ததும் கையை ஆட்டினார். "குடுத்த மீனைத் திரும்ப வாங்கறதில்லீங்ண்ணா. உங்க ஊட்டுத் தொட்டி நோய் எங்க கடைக்கு வந்துருமுங்களே."

"நோயில்லீங்க, இவனேதான் நோய். சாதுன்னு சொன்னீங்களே?"

"இங்க சாதுதானே அண்ணா? நீங்களும் நின்னு பாத்தீங்கல்ல?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

என் மகள் நடுவில் வந்தாள். "மாமா, இந்த ஹீட்டரை அந்தத் தொட்டியில போடுங்க. தண்ணி இருபத்தஞ்சு வந்ததும் நான் ஒண்ணைப் பாத்து எடுத்துக்கறேன்."

கடைக்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "துணிக்கடையில போட்டுப் பாக்கறாப்புல மீனைச் சூடு பண்ணிப் பாக்கறீங்களா அம்முணி?"

"ஆமாங்க."

பையில் இருந்த வரிக்காரனைப் பார்த்துக்கொண்டே அவர் ஹீட்டரை வாங்கி மாட்டினார். பாவம் என்று நினைத்தாரோ, தொல்லை விட்டால் போதும் என்று நினைத்தாரோ தெரியாது.

தண்ணீர் சூடாக மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு நடை மார்க்கெட்டுக்குப் போய் வரலாம் என்றேன். நாம் போனால் ஹீட்டரைக் கழற்றிவிடுவார் என்று அவள் அசையவில்லை. வாரத்தில் கிடைக்கிற ஒரு லீவு நாளில், வரிக்காரனை மடியில் வைத்துக்கொண்டு, கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வர்க்கி பிஸ்கட் தின்றேன். போகிறவர்களெல்லாம் பையைப் பார்த்து, "அழகா இருக்குதே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்கள். நான் பின்னால் கையைக் காட்டினேன்.

இருபத்திரண்டு டிகிரியில் நீலம் எழுந்தது. இருபத்து மூன்றில் மஞ்சள் அதைத் துரத்தியது. நான் அன்றைக்கு இரண்டாவதாக நினைத்து வைத்திருந்தது மஞ்சளைத்தான். இன்னொரு வரிக்காரன் இருந்தான், அவன் மூலையில் குழி தோண்ட ஆரம்பித்தான். இருபத்தைந்தில் தொட்டி சந்தைக்கடையாகிவிட்டது. கடைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "அடங்கொப்புரானே! இத்தனை நாள் இவனுகளையா வெச்சுருந்தேன்?"

"அதுங்க மாமா" என்று மகள் ஓரத்தைக் காட்டினாள்.

பேர் தெரியாத அந்தப் பழுப்பு. உடம்பில் சாவித் துவாரம் மாதிரி ஒரு கறுப்பு அடையாளம். சூடு ஏறியதும் அதுவும் விழித்திருந்தது. துடுப்பை விரித்து மெதுவாகச் சுற்றி வந்தது. மஞ்சள் இடித்தால் விலகியது, ஆனால் மடங்கிப் போய் ஒடுங்கவில்லை. தீவனம் போட்டதும் ஓடி வந்து தின்றது. யாரையும் அது திரும்பி இடிக்கவில்லை. மகள் அரைமணி நேரம் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இது வேற மீனோட கலந்து வந்துருச்சுங்ண்ணா. யாரும் கேக்கறதே இல்ல" என்றார் கடைக்காரர்.

யார் கேட்பார்கள்? ஃபேக்டரியில் கூட்டித் தள்ளுகிற டீத்தூள் நிறம். "இதுக்கா சாமி இத்தனை பாடு? கொஞ்சம் பளிச்சுன்னு..." என்று ஆரம்பித்தேன். அவள் என் கையிலிருந்த வரிக்காரனைப் பார்த்தாள். நான் பணத்தை எடுத்து நீட்டினேன். ஊட்டுக்கு இரண்டு பைகளோடு திரும்பினோம். பழுப்பு அவளிடம், வரிக்காரன் என் வயிற்றில்.

பிறகு அவள் செல்போனில் தேடி, அதன் பேர் கீஹோல் சிக்லிட், மற்ற மீன்களோடு சேர்ந்து வாழ்வதில் நல்ல பேர் எடுத்தது என்று கண்டுபிடித்தாள். முதலிலேயே இதைத் தேடியிருக்கலாமே என்றேன். "முதல்ல நீங்க பாத்துக்கறேன்னீங்க" என்றாள்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. பிளாட்டி பத்தொன்பது. ஒன்றின் மேலும் கீறல் இல்லை. வரிக்காரனுக்கு ஃபிரிட்ஜ் பக்கத்தில் தனித் தொட்டி, தனி ஹீட்டர். கழுவிவிடுவது என் பொறுப்பு. யார் தேர்ந்தெடுத்தார்களோ அவர்கள்தான் கழுவ வேண்டும் என்பது எங்கள் ஊட்டுச் சட்டம். வருகிற ஒரம்பரை விருந்தாளிகளெல்லாம் பெரிய தொட்டியை விட்டுவிட்டு அவன் முன்னால்தான் நிற்கிறார்கள். எத்தனை அழகு என்கிறார்கள். கையை விடாதீங்க என்று நான் கத்துகிறேன்.

பழுப்பு மீனை நான் முழுசாகப் பார்த்தது மிகக் குறைவு. கூச்ச சுபாவமாம். யாராவது வேகமாக நடந்தால் என் தேயிலை வேருக்குப் பின்னால் போய்விடும். நான் ரப்பர் பூட்ஸோடு உள்ளே வந்தாலே தொட்டி காலி போலத் தெரியும். நேற்று மகள் என்னைக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள்.

"ஆடாம நில்லுங்க. இப்ப வரும்."

நின்றேன். வேருக்குப் பின்னாலிருந்து முதலில் மூக்கு வந்தது, அப்புறம் அந்தச் சாவித் துவாரம். பிளாட்டிக் குட்டி ஒன்று அதை உரசிக்கொண்டு போனது. அது கொஞ்சம் ஒதுங்கி, குட்டி போகும் வரை நின்றது. கடையில் வரிக்காரன் வழி விட்டதும் இப்படித்தான் இருந்தது. என் கண் தானாகவே தெர்மாமீட்டருக்குப் போனது.

"இருபத்தஞ்சுதாங்ப்பா. நான் காலையிலயே பாத்துட்டேன்" என்றாள் மகள்.

எனக்குத் தும்மல் வந்துவிட்டது. மீன் மறுபடி வேருக்குப் பின்னால் போய்விட்டது.